கூட்டு வட்டிக் கணக்கை வாசிப்பது எப்படி?



சுவர் இதழுக்குக் கணக்குப் பாடத்தில் யாராவது எழுதுங்கள் என்று கணக்கு டீச்சர் கேட்டபோது வகுப்பே குனிந்துகொண்டது. நான் கை தூக்கினேன். எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் ஐந்து மார்க் கேள்வி ஒன்றில் பூஜ்யம் வாங்கியவள் நான். அந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கேள்வி இதுதான். "ரூ.8,000க்கு ஆண்டுக்கு 10% வட்டி வீதத்தில், அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலுடன் சேர்க்கப்பட்டால், 1½ ஆண்டுகளுக்குக் கூட்டு வட்டி காண்க."

நான் என்ன செய்தேன்? ஒன்றரை ஆண்டில் மூன்று அரையாண்டு இருக்கிறது. அது சரி. பிறகு மூன்று தடவையும் 10% போட்டேன். 8,800, 9,680, 10,648. விடை ரூ.10,648 என்று எழுதி அடியில் ரெண்டு கோடும் போட்டேன். டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "பெருக்கல் எல்லாம் சரி. கேள்வியை வாசி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெருக்கல் சரி என்றால் மார்க் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. "பென்சிலைக் கீழே வை. கேள்வியை மூணு தடவை சத்தமா வாசி. ஒவ்வொரு சொல்லும் எதுக்கு அங்க உட்கார்ந்திருக்குன்னு எனக்குச் சொல்லு" என்றார்.

வாசித்தேன். 'ஆண்டுக்கு 10%' என்பதில் 'ஆண்டுக்கு' என்ற சொல் எனக்கு முதல் தடவையில் கண்ணிலேயே படவில்லை. ஒரு முழு ஆண்டு ஆனால்தான் நூற்றுக்குப் பத்து. அரை ஆண்டுக்கு ஐந்துதான். ஆக மூன்று தடவை 5% போட வேண்டும். 8,000 என்பது 8,400 ஆகும். அது 8,820 ஆகும். அது 9,261 ஆகும். அதோடும் முடியவில்லை. கேள்வியில் கேட்டது தொகையை அல்ல, வட்டியை. 9,261லிருந்து 8,000ஐக் கழித்தால் ரூ.1,261. அதுதான் விடை. ஒரே கேள்வியில் ரெண்டு இடத்தில் சறுக்கியிருக்கிறேன். ரெண்டுமே பெருக்கல் தப்பு இல்லை.

அப்புறம் டீச்சர் 'அரையாண்டுக்கு ஒருமுறை' என்ற சொற்களை மட்டும் விரலால் மறைத்துவிட்டு, "இப்பப் போடு" என்றார். அந்தச் சொற்கள் இல்லை என்றால் ஆண்டுக்கு ஒருமுறைதான் வட்டி சேரும். முதல் ஆண்டு முடிவில் 8,800. மிச்சம் அரை ஆண்டுக்கு அதில் 5%, அதாவது 440. மொத்தம் 9,240. ஆக, ரெண்டே சொற்களுக்கு விலை 21 ரூபாய். இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து கேள்வித்தாளில் இந்த மாதிரி சொல்லைக் கண்டால் பென்சிலால் சுழித்துவிடுவேன். 'காலாண்டுக்கு ஒருமுறை' என்றால் வீதம் நாலில் ஒரு பங்கு, தடவை நாலு மடங்கு. மாதத்துக்கு ஒருமுறை என்றால் பன்னிரண்டு. வீதம் எத்தனையால் சுருங்குகிறதோ தடவை அத்தனையால் பெருகும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்தால் என் கதைதான்.

அடுத்தது நம் வகுப்பில் பாதிப் பேர் விழுந்த இடம். நான் விழவில்லை (அன்று எனக்குக் காய்ச்சல், பரிட்சைக்கே வரவில்லை). கேள்வி: "ரூ.5,000க்கு 8% கூட்டு வட்டி வீதத்தில் மூன்றாம் ஆண்டுக்கான வட்டி எவ்வளவு?" எல்லாரும் மூன்று ஆண்டுக்கான வட்டியைப் போட்டுவிட்டார்கள். 'மூன்று ஆண்டு' வேறு, 'மூன்றாம் ஆண்டு' வேறு. 'ஆம்' என்ற சின்ன ஒட்டுதான் வித்தியாசம். மூன்றாம் வீட்டுக்குப் போ என்றால் மூன்று வீட்டுக்கும் போவோமா? ஒரே வீட்டுக்குத்தானே போவோம். ரெண்டு ஆண்டு முடிவில் தொகை ரூ.5,832. அதற்கு ஒரு ஆண்டு வட்டி ரூ.466.56. இதுதான் மூன்றாம் ஆண்டு வட்டி. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து வட்டி கேட்டிருந்தால் ரூ.1,298.56. எவ்வளவு தூரம் பாருங்கள்.

தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று ரெண்டு ஆண்டுக்குக் கேட்பார்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்து மறந்தவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அதே 5,000, அதே 8%. முதல் ஆண்டு வட்டி 400. தனி வட்டியில் அந்த 400 சும்மா உட்கார்ந்திருக்கும். கூட்டு வட்டியில் அதுவும் வேலைக்குப் போகும். 400க்கு 8% என்றால் 32. வித்தியாசம் அந்த 32தான், வேறு எதுவும் இல்லை. வட்டி போட்ட குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டி என்ற சொல்லே இல்லாமலும் இந்தக் கணக்கு வரும். வத்தைக்கு வாங்கிய என்ஜின் விலை ரூ.60,000, ஆண்டுதோறும் அதன் மதிப்பு 10% குறைகிறது, ரெண்டு ஆண்டு கழித்து மதிப்பு என்ன? இங்கே 'அதன் மதிப்பு' என்பது அந்தந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த மதிப்பு. 60,000 முதலில் 54,000 ஆகிறது. பிறகு 54,000ல் பத்தில் ஒரு பங்கு குறைந்து 48,600. 'வாங்கிய விலையில் 10%' என்று கேள்வியில் இருந்தால் ரெண்டு தடவையும் 6,000 குறைந்து 48,000. 'எதில்' என்று பார்க்க வேண்டும். இன்னொரு குழப்பம், '10% குறைந்தது', '10% ஆகக் குறைந்தது'. முதலாவதில் 90 மிச்சம். ரெண்டாவதில் மிச்சமே 10தான்!

மக்கள்தொகையையும் நான் போட்டுப் பார்த்தேன். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் 2001 கணக்கெடுப்பில் 11,87,604 பேர். 2011ல் 13,53,445 பேர். பத்து ஆண்டில் கிட்டத்தட்ட 14% கூடியிருக்கிறது. அப்படியானால் ஆண்டுக்கு 1.4% தானே என்று நான் பத்தால் வகுத்துவிட்டேன். 1.4%ஐப் பத்துத் தடவை ஏற்றிப் பார்த்தால் 13 லட்சத்து 64 ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. பிறக்காத 11 ஆயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? புதிதாகக் கூடியவர்கள் மேலும் வீதம் ஏறுகிறது, அதனால்தான். சரியான வீதம் ஆண்டுக்கு சுமார் 1.32%. செல்போன் கால்குலேட்டரில் தட்டித் தட்டித்தான் கண்டுபிடித்தேன், அண்ணன் திட்டிக்கொண்டே இருந்தான்.

இதுவரை எழுதியது எல்லாம் பரிட்சைக்கு. இனி எழுதுவதற்கு அம்மாவிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன்.

நம் ஊரில் யாரும் "ஆண்டுக்கு 24 சதவீதம்" என்று பேசுவதில்லை. "ரெண்டு வட்டி" என்பார்கள். சிலர் "ரெண்டு பைசா வட்டி" என்பார்கள். ரெண்டும் ஒன்றுதான். ஒரு ரூபாய்க்கு மாதம் ரெண்டு பைசா, அதாவது நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய். பன்னிரண்டால் பெருக்கினால்தான் புத்தகத்தில் வரும் ஆண்டு வீதம். ரெண்டு என்பது காதுக்குச் சின்னதாக இருக்கிறது, 24 என்றால் பெரிதாக இருக்கிறது. நம் வகுப்பில் ஒருத்தி (பேர் சொல்ல மாட்டேன்) "பேங்கில் 9 வட்டி, இவர் ரெண்டு வட்டிதான், இவர் நல்லவர்" என்றாள். அவளை யாரும் சிரிக்க வேண்டாம். எனக்கும் எட்டாம் வகுப்பு வரை அப்படித்தான் தெரியும்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அம்மா தன் தோட்டை அடகு வைத்தார். அது தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அந்த ரெண்டு மாதமும் கை வறண்டுவிடும். 12,000 ரூபாய், ரெண்டு வட்டி. ரெண்டு வருஷம் கழித்து, கருவாடு விற்ற பணமும் சீட்டுப் பணமும் சேர்த்து அம்மா தோட்டை மீட்கப் போனார். அவர் கணக்கு சுலபம். மாதம் 240, 24 மாதத்துக்கு 5,760. அசலோடு 17,760. எண்ணிச் சரியாக முடிந்து எடுத்துப் போனார்.

கடையில் 19,126 கேட்டார்கள்.

1,366 ரூபாய் குறைகிறது. அம்மா வாதாடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்த பணத்தை வேறு செலவு இழுத்துக்கொண்டது. கெடு தாண்டியது. தோடு மூழ்கிவிட்டது. 'மூழ்கிவிட்டது' என்ற சொல்லை நம் வீடுகளில் படகுக்கும் சொல்வோம், அடகு நகைக்கும் சொல்வோம். "ஏமாத்திப்புட்டாய்ங்க, படிக்காதவன்னு தெரிஞ்சு ஏமாத்திப்புட்டாய்ங்க" என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் "கேள்வியை வாசி" என்று எழுதிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரங்குப் பெட்டியில் அந்த அடகுச் சீட்டைத் தேடி எடுத்தேன். அம்மா அதைக் கிழிக்காமல் வைத்திருந்தார். முன்பக்கம் 12,000 என்றும் மாதம் 2% என்றும் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வாக்கியம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை வட்டி செலுத்தப்படாவிடில் மேற்படி வட்டி அசலுடன் சேர்க்கப்பட்டு அத்தொகைக்கும் வட்டி கணக்கிடப்படும் என்று. எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது எங்கள் பாடப் புத்தக வாக்கியம்! 'காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலுடன் சேர்க்கப்பட்டால்' என்பதைத்தான் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

தரையில் உட்கார்ந்து போட்டேன். மாதம் 2% என்றால் மூன்று மாதத்துக்கு 6%. ரெண்டு வருஷத்தில் எட்டுக் காலாண்டு. எட்டுத் தடவை 6% ஏற வேண்டும்.

முதல் வருஷம்: 12,720.00 / 13,483.20 / 14,292.19 / 15,149.72
ரெண்டாம் வருஷம்: 16,058.71 / 17,022.23 / 18,043.56 / 19,126.18

கடைசி எண்ணைப் பாருங்கள். பதினெட்டுப் பைசாவை விட்டுவிட்டு அதே 19,126.

அம்மாவிடம் காட்டினேன். அவருக்கு எண் வாசிக்கத் தெரியும். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில், "அப்ப அவுக ஏமாத்தலையாத்தா?" என்றார். கூட்டலில் ஏமாற்றவில்லை அம்மா, சீட்டில் எழுதியிருக்கிறது என்றேன். "வாயால சொல்லலையே. ரெண்டு வட்டின்னுதானே சொன்னாக" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரெண்டுமே உண்மைதான். பின்பக்கத்தைக் கையெழுத்து வாங்கும் முன் வாசித்துக் காட்டியிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 720 ரூபாயை மட்டும் கொண்டுபோய்க் கட்டியிருப்பார். அப்படிக் கட்டியிருந்தால் வட்டி குட்டி போட்டிருக்காது. எட்டுத் தடவை 720 என்பது அதே 5,760தான். அவர் மனக்கணக்கு அப்போது சரியாக இருந்திருக்கும், தோடும் காதில் இருந்திருக்கும்.

அன்று அம்மா சாப்பிடவில்லை. நான் கணக்குப் போட்டதே தப்போ என்று இருந்தது. மறுநாள் காலையில், "அந்தத் தாள மடிச்சு பெட்டியிலயே வையி" என்றார்.

டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தார். கூட்டு வட்டியில் பணம் எப்போது ரெண்டு மடங்காகும் என்று தெரிய, 72ஐ ஒரு தடவைக்கான வீதத்தால் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட சரியாக வரும். எங்கள் சீட்டுக்கு 72 ÷ 6 = 12 தடவை. 12 காலாண்டு என்றால் மூன்று வருஷம். போட்டுப் பார்த்தேன், 12,000 மூன்று வருஷத்தில் 24,146 ஆகிறது. தனி வட்டியாக இருந்தால் ரெண்டு மடங்காக 50 மாதம் ஆகும்.

இதே 72 தபால் ஆபீசில் நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. அம்மாச்சியோடு போனபோது சுவரில் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். அம்மாச்சி கியூவில் நின்ற நேரமெல்லாம் எனக்கு அங்கேதான் வேலை. கிசான் விகாஸ் பத்திரத்துக்கு 2023 ஏப்ரலில் அறிவித்த வட்டி 7.5%, 115 மாதத்தில் பணம் ரெண்டு மடங்கு. 72ஐ 7.5ஆல் வகுத்தால் 9.6 வருஷம். 12ஆல் பெருக்கினால் 115.2 மாதம். தபால் ஆபீசிலேயே சிரித்துவிட்டேன்.

அந்தத் தாளிலும் சொற்கள்தான் விளையாடுகின்றன. தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கு அதே 2023 ஏப்ரலில் 7.7%. வட்டி ஆண்டுக்கு ஒருமுறை கூடும், ஆனால் கையில் தருவது ஐந்து ஆண்டு முடிவில். 10,000 போட்டால் 14,490. ஐந்து ஆண்டு டைம் டெபாசிட்டுக்கு 7.5%. வட்டி காலாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படும், ஆண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும். 'கணக்கிடப்படும்' வேறு, 'வழங்கப்படும்' வேறு. அதனால் 10,000க்கு ஆண்டு வட்டி 750 இல்லை, 771. அந்த 21 ரூபாய் நான்கு காலாண்டு வட்டி ஒன்றின் மேல் ஒன்று ஏறியதால் வந்தது. என் பரிட்சைக் கேள்வியிலும் 21தான் வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சந்தோஷம். மாத வருமானத் திட்டத்தில் 7.4%. வட்டி மாதாமாதம் கையில் வந்துவிடும். வெளியே வந்துவிட்ட வட்டி குட்டி போடாது. அது எத்தனை ஆண்டு ஆனாலும் தனி வட்டிதான்.

இதைப் பற்றிச் சமூக அறிவியல் சாரிடம் பேசியபோது அவர் ராஜராஜ சோழனிடம் போய்விட்டார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வட்டிக் கணக்கு இருக்கிறதாம். கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, அதாவது 12½%. அப்போது வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். பொலிதல் என்றால் பெருகுதல். களத்தில் தூற்றிய நெல்லைப் 'பொலி' என்கிறோமே, அதே சொல். அந்தப் பொலிசையை ஊர்ச் சபை ஆண்டுதோறும் கோயில் செலவுக்குக் கொடுத்துவிடும், முதல் அப்படியே நிற்கும். ஆக ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கணக்கும் நம் மாத வருமானத் திட்டமும் ஒரே சாதி. பாடப் புத்தகத்தில் இது இல்லை, இருந்தால் நன்றாக இருக்கும்.

தண்டல் பற்றிக் கொஞ்சம். "10,000 தண்டல், 15 வட்டி" என்று சொல்லி, 1,500ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500தான் கையில் தருவார்கள். பிறகு தினம் 100 ரூபாய், 100 நாள். இதில் அசல் எது? புத்தகப்படி கையில் வந்ததுதான் அசல், 8,500. அதுவும் முழுசாக 100 நாளும் நம்மிடம் இருப்பதில்லை. தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். சராசரியாகப் பாதிதான், ஏறக்குறைய 4,250 ரூபாய்தான் நம்மிடம் நிற்கிறது. 4,250க்கு 100 நாளில் 1,500 என்றால் நூற்றுக்கு 35. அதுவும் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். ஒரு ஆண்டுக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு எழுத மனம் வரவில்லை. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 2003ல் வந்திருக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை.

வங்கிக் கடனிலும் ஒரு சொல் மாறியிருக்கிறது. தவணை தவறினால் முன்பு 'அபராத வட்டி' என்று போடுவார்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அதை 'அபராதக் கட்டணம்' என்றுதான் வாங்க வேண்டும், அதை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்று சொன்னது. வட்டி என்ற சொல்லைக் கட்டணம் என்று மாற்றினால் குட்டி போடுவது நின்றுவிடுகிறது. ஒரு சொல்லுக்காக ரிசர்வ் வங்கியே உத்தரவு போடுகிறது என்றால், டீச்சர் எனக்குப் பூஜ்யம் போட்டதில் தப்பில்லை.

இந்த வருஷத் தடைக்காலத்திலும் அம்மா நகை வைத்தார். மோதிரம், 10,000 ரூபாய், ஒன்றரை வட்டி. வேறு கடை. இந்த முறை என்னையும் கூட்டிப் போனார். நான் யூனிபாரத்தோடு போயிருந்தேன். சீட்டை எழுதி முடித்ததும் பின்பக்கத்தைத் திருப்பி வாசித்துவிட்டு, "அண்ணே, வட்டி எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை அசலோட சேரும்?" என்று கேட்டேன். கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "எம் மகதான். அவ கேக்கறதுக்குச் சொல்லுங்க" என்றார். ஆறு மாதம் என்றார். சீட்டிலும் அப்படியே இருந்தது. மாதம் 150, ஆறு மாதத்துக்கு 900. இப்போது வீட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாதம் 150 போட்டு வருகிறோம். போன மாதம் 100தான் போட முடிந்தது. கெடு தேதியை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதத் தாளில் இடம் முடிகிறது. உங்களுக்கு ஒரு கணக்கு. ஆரியபட்டர் கி.பி. 499ல் எழுதிய நூலில் இந்த மாதிரிக் கணக்குக்கு வழி சொல்லியிருக்கிறார் என்று டீச்சர் சொன்னார். சொற்களை நான் அமைத்திருக்கிறேன்.

ஒருவர் 100 ரூபாயை ஒரு மாதத்துக்கு வட்டிக்கு விட்டார். கிடைத்த வட்டியை மட்டும் அதே வீதத்தில் 6 மாதத்துக்குத் தனி வட்டிக்கு விட்டார். முதலில் கிடைத்த வட்டியும், அந்த வட்டிக்குக் கிடைத்த வட்டியும் சேர்ந்து 16 ரூபாய். முதல் மாத வட்டி எவ்வளவு?

'மட்டும்' என்ற சொல்லைச் சுழித்துக்கொள்ளுங்கள். விடையைத் துண்டுத் தாளில் பெயர், வகுப்போடு எழுதி வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் திண்டில் இருக்கும் சாக்பீஸ் டப்பாவில் போடவும். வழியும் எழுத வேண்டும், விடை மட்டும் போட்டால் சேர்க்க மாட்டோம்.